பகட்டு ஒன்று, ஆங்கிலச் சொற்கள் பல

ஆங்கிலச் சொல் ஐயங்கள்: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களுள் ஐந்து, ‘பகட்டு’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே, மற்றைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அவ்வைந்துக்கும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, ‘ஒஸ்டென்டேஷஸ்’, ‘பிரிடென்ஷஸ்’ ஆகிய இரு சொற்களுக்கும் என்னிடமுள்ள ஆங்கில – தமிழ் அகராதி ‘பகட்டான’ என்றே பொருள் தருகிறது. உள்ளவன் காட்டினால் முன்னது, இல்லாதவன் காட்டினால் பின்னது என்று வகுப்பில் ஒரு விதி சொல்லித் தந்தார்கள். பரீட்சைக்கு இந்த விதி போதுமா?
(உயர்தர மாணவி, உவர்மலை)

பதில்: விதியில் ஓரளவே உண்மை உண்டு, அதை முழுதாக நம்பினால் வழி தவறுவீர்கள்.

‘ஒஸ்டென்டேஷஸ்’ என்னும் சொல் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: பிறர் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காகவே இது செய்யப்படுகிறதா? ஆம் என்றால் அச்சொல் பொருந்தும். செலவழியும் பணம் சொந்தப் பணமா, கடன் பணமா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நம் பக்கத்துச் சாமத்திய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அலங்காரத் தேரில் ஏற்றி, முன்னே மேளதாளமும் மேலே ட்ரோன் கமெராவுமாக மண்டபத்துக்கு அழைத்துவரும் விழா, கனடாவிலிருந்து மாமன் அனுப்பிய பணத்தில் நடந்தாலும் ‘ஒஸ்டென்டேஷஸ்’தான், தாயின் தாலிக்கொடியை அடகு வைத்து நடத்தினாலும் ‘ஒஸ்டென்டேஷஸ்’தான். உங்கள் விதி இவ்விடத்திலேயே முறிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இச்சொல்லுக்குச் செல்வம் கட்டாயமில்லை. கூட்டத்தில் பேச்சாளர் நீட்டி முழக்கிக்கொண்டிருக்கையில், முன்வரிசையில் இருப்பவர் கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, எல்லோரும் காணும்படி மணிக்கூட்டைப் பார்க்கிறார். அதை ஆங்கிலத்தில் ‘ஒஸ்டென்டேஷஸ்லி’ பார்த்தார் என்று எழுதுவார்கள். அங்கே பட்டும் இல்லை, பவுணும் இல்லை. காட்டுதல் மட்டுமே உண்டு. ‘ஆடம்பரமான’ என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் இந்த வாக்கியத்தில் திகைத்துப்போவார். கோயிலுக்கு ஒரு குழல் விளக்கை உபயம் செய்துவிட்டு, வெளிச்சமே வெளிவராத அளவுக்கு அதன்மேல் தம் பெயரை எழுதி வைப்பவரின் கொடையும் இவ்வகையே. கொடை உண்மையானது, அதன் பயனும் ஓரளவு உண்மையானது. ஆனாலும் அது பார்ப்பவர் கண்ணை நோக்கிச் செய்யப்பட்டது. அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்ற பழமொழியைச் சொன்னவர்கள் இச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தைத் தந்திருக்க முடியாது. குடை அவனுடையதே, அதில் பொய் எதுவும் இல்லை. வெயிலும் மழையும் இல்லாத வேளையில் அதை விரித்ததுதான் குற்றம்.

‘பிரிடென்ஷஸ்’ வேறு வகையான குற்றச்சாட்டு. உள்ள தகுதிக்கு மேலான ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்வதையே அது சுட்டுகிறது. பெரும்பாலும் அறிவு, கலைச்சுவை, சிந்தனை ஆழம் ஆகியவற்றைப் பற்றிய உரிமை கோரலாக அது இருக்கும். வெறும் காசைப் பற்றியதாக இருப்பது குறைவு. ஒரு சிறுகதைத் தொகுதியின் வெளியீட்டு விழாவில் பேச வந்தவர், கதைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர்களான ஃபூக்கோவையும் தெரிதாவையும் அழைத்துவந்து மேடையில் அமர்த்திவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு ‘பிரிடென்ஷஸ்’. அவர் அவ்விருவரையும் உண்மையிலேயே வாசித்தவராக இருந்தாலுமே அச்சொல் பொருந்தக்கூடும் என்பதைத்தான் உங்கள் விதி மறைத்துவிடுகிறது. அவருக்கு அறிவு இருக்கலாம். ஆனால், அந்தப் பேச்சு தனக்கு இல்லாத ஆழத்தை உண்டென்று காட்டுகிறது. ஆகவே, இல்லாதவன் என்பது இங்கே அளவுகோல் அல்ல. மேலும், ஆள் மட்டுமல்லாமல் கவிதையும், திரைப்படமும், நூலின் தலைப்பும், ஏன், பருப்புக்கறிக்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டிய உணவுப் பட்டியலும்கூட ‘பிரிடென்ஷஸ்’ ஆகலாம்.

சொற்பிறப்பு இங்கே சற்று உதவும். இரண்டும் இலத்தீனில் ‘நீட்டுதல், விரித்தல்’ என்று பொருள்படும் ‘டென்டெரே’ என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஒன்று எதிரே நீட்டிக் காட்டுவது. மற்றது முன்னே நீட்டி மறைப்பதாகவும் உரிமை கோருவதாகவும் வளர்ந்தது. பாசாங்கு செய்தலைக் குறிக்கும் ‘பிரிடென்ட்’ என்ற வினையும் இரண்டாவதன் உடன்பிறப்பே. மயில் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் ‘ஒஸ்டென்டேஷன்’ என்பதும் ஒன்று என அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அப்படியானால், மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரித்த நம் வான்கோழிக்கு எந்தச் சொல் உரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பரீட்சை மண்டபத்தில் நினைவில் நிற்க ஒரு வழி சொல்கிறேன். ‘எதைக் காட்டுகிறார்?’ என்று கேட்டால் விடை கிடைக்கும் இடத்தில் ‘ஒஸ்டென்டேஷஸ்’ எழுதுங்கள். ‘தம்மை என்னவாகக் காட்டிக்கொள்கிறார்?’ என்று கேட்கத் தோன்றும் இடத்தில் ‘பிரிடென்ஷஸ்’ எழுதுங்கள். இரண்டு கேள்வியும் பொருந்தும் ஆட்களும் உண்டு. அவர்களை வினாத்தாள் தயாரிப்பவர்கள் பொதுவாகத் தவிர்த்துவிடுவார்கள். பொருளாதாரம் படிக்கும் மாணவியாயின் இன்னொரு தொடரையும் குறித்து வையுங்கள். அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், பயனுக்காக அன்றித் தகுதியைப் பிறர் கண்ணில் நிறுத்துவதற்காகச் செய்யும் செலவை ‘கொன்ஸ்பிக்யுவஸ் கொன்சம்ப்ஷன்’ என்று அழைத்தார். ‘ஒஸ்டென்டேஷஸ்’ என்பதில் ஒலிக்கும் கண்டனம் அத்தொடரில் அவ்வளவாக ஒலிப்பதில்லை; ஆகவே கட்டுரைக்கு அதுவே ஏற்றது.

கேள்வி: வெளிநாட்டுப் பயணி ஒருவர் தம் பயணக் குறிப்பில், எங்கள் பத்திரகாளி அம்பாள் கோயிலின் வண்ணச் சிற்பங்களை ‘கோடி’ என்ற சொல்லால் வருணித்திருந்தார். அதைப் பாராட்டு என்றே எண்ணி நண்பர்களுக்கும் அனுப்பினேன். அது பழிப்புச் சொல் என்று ஒருவர் சொல்கிறார். எது சரி?
(வாசகர், திருகோணமலை நகரம்)

பதில்: உங்கள் நண்பர் சொன்னதே சரி. (தமிழில் எழுதும்போது நூறு இலட்சத்தைக் குறிக்கும் கோடியாகவே இச்சொல் தோன்றுகிறது, என்ன செய்வது, நெடுங்கணக்கு அப்படி.) நிறமும் அணியும் அளவு மீறி, நல்ல சுவைக்குப் புறம்பாக நிற்கும் பொருளையே ஆங்கிலத்தில் ‘கோடி’ என்பார்கள். முன்னர் பார்த்த இரு சொற்களும் காட்டுபவரின் உள்ளத்தைக் குறைகூறின. இது பொருளின் தோற்றத்தைக் குறைகூறுகிறது. காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாத சேலைக்கரையையும் பூச்சாடியையும்கூட ‘கோடி’ என்று சொல்லிவிடலாம்.

ஆனால், தோற்றத்தைக் குறைகூறும் சொல்லில் பார்ப்பவரின் கண்பழக்கமும் கலந்தே இருக்கும். நம் கோபுரங்களின் சுதைச் சிற்பங்கள் வண்ணம் தீட்டப்படுவதற்காகவே செய்யப்படுபவை. நிறமின்றி விட்டால் அவை முடியாத வேலையாகவே நமக்குத் தோன்றும். சாம்பல்நிறக் கல்லாலான தேவாலயங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த நிறங்கள் மிகையாகத் தெரிவதில் வியப்பில்லை. வெண்பளிங்கின் தூய்மைக்கு எடுத்துக்காட்டாகப் பலகாலம் போற்றப்பட்ட பண்டைய கிரேக்கக் கோயில்களும் சிலைகளும் தம் காலத்தில் செந்நிறமும் நீலமுமாக வண்ணம் பூசப்பட்டவையே என்பதை அப்பயணி நினைத்துப் பார்த்திருந்தால் வேறு சொல்லைத் தேடியிருப்பார். தேடியிருந்தால் தாராளமாகவே கிடைத்திருக்கும். வேலைப்பாட்டின் நிறைவைச் சொல்ல ‘ஓர்னேட்’. நிறத்தின் உயிர்ப்பைச் சொல்ல ‘விவிட்’. இவ்விரண்டிலும் பழிப்பு இல்லை. நண்பர்களுக்கு அனுப்பியது அனுப்பியதாகவே இருக்கட்டும். படம் அழகாகத்தான் இருந்திருக்கும்.

இதன் அயலில் நிற்கும் இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ‘கேரிஷ்’ என்பது கண்ணைக் கூசச் செய்யும் பளிச்சிடல். அங்கே சிக்கல் அணியின் மிகுதி அன்று, ஒளியின் கடுமை. இரவில் பஸ் நிலையத்துக்குள் நுழையும் சில தனியார் பஸ்களின் நீலமும் சிவப்புமான மின்விளக்கு வரிசைகள் ‘கேரிஷ்’. பகலில் அதே பஸ்ஸின் உட்புறத்தைப் பாருங்கள். கடதாசிப் பூமாலை, குஞ்சம், தெய்வப் படங்கள், நடிகர் படங்கள் என்று இடைவெளியின்றி நிறைந்திருந்தால், அதைக் ‘கோடி’ என்பார்கள். எனக்கென்னவோ அந்த அலங்காரத்தில் ஒரு பிரியமுண்டு. அது அகராதிக்குத் தேவையில்லாத செய்தி.

‘டோட்ரி’ என்பதோ மலிவும் இழிவும் சேர்ந்த மினுக்கு. ஜிகினா உதிர்ந்த மேடைத் திரையையும் முலாம் தேய்ந்த வளையலையும் அவ்வாறு சொல்லலாம். இச்சொல்லின் கதை கேட்கத் தக்கது. இங்கிலாந்தின் ஈலி என்னும் ஊரில் 673ஆம் ஆண்டளவில் துறவு மடம் ஒன்றை நிறுவிய எதல்டிரெடா என்ற அரச குலத்துப் பெண், 679ஆம் ஆண்டில், கழுத்தில் எழுந்த கட்டியோடு இறந்தார். இளமையில் அணிந்து மகிழ்ந்த கழுத்தணிகளின் வினைப்பயனே அக்கட்டி என்று அவரே சொன்னதாக, எட்டாம் நூற்றாண்டின் துறவி பீட் எழுதிவைத்திருக்கிறார். அப்பெண்ணின் பெயர் மக்கள் வாயில் ‘ஓட்ரி’ ஆயிற்று; அவர் நினைவு நாளையொட்டிக் கூடிய சந்தையில் பெண்கள் கழுத்தில் அணியும் பட்டு நாடாக்கள் ‘செயின்ட் ஓட்ரி’ நாடாக்கள் என்று விற்கப்பட்டன. ‘செயின்ட்’டின் இறுதி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ள, ‘டோட்ரி’ பிறந்தது. நாளடைவில் சரக்கு மலிந்து, தரம் தாழ்ந்து, கழுத்தணியைக் குற்றமென்று எண்ணி இறந்தவரின் பெயரே மலிவு மினுக்குக்கு அடைமொழியாகிவிட்டது. இன்று இச்சொல் பொருள்களைத் தாண்டி, கீழ்த்தரமான அரசியல் பேரங்களுக்கும் ஊழல் விவகாரங்களுக்கும் வழங்குகிறது. ‘கோடி’யும் ‘கேரிஷ்’ஷும் அவ்வளவு தூரம் போவதில்லை.

கேள்வி: தோட்டக்கலை நூலொன்றில் பல பூக்களுக்கு ‘ஷோயி’ என்ற அடைமொழி இருக்கிறது. பூவைக்கூடவா பகட்டு என்று குறைசொல்வார்கள்? ‘பிளம்போயன்ட்’ என்பதும் அதே பொருளா?
(ஓய்வுபெற்ற விவசாய ஆசிரியர், மூதூர்)

பதில்: குறை இல்லை, ஐயா. தாவரவியலில் ‘ஷோயி’ என்பது பெரியதாய், நிறம் மிக்கதாய், எளிதில் கண்ணில் படுவதாய் இருக்கும் உறுப்பைக் குறிக்கும் நடுநிலைச் சொல். உங்கள் வேலியிலும் நிற்கக்கூடிய போகன்வில்லாவை வருணிக்கும் நூல்கள் இச்சொல்லைத் தவறாமல் ஆளும். நாம் பூவென்று எண்ணும் அந்த ஊதா, செந்நிற இதழ்கள் உண்மையில் பூவடி இலைகள். பூ என்பது அவற்றின் நடுவே நிற்கும் வெண்ணிறச் சிறு குழாய்தான். மனிதரைப் பற்றியோ உடையைப் பற்றியோ ‘ஷோயி’ என்று எழுதும்போது மட்டும் சிறிது இளக்காரம் வந்து சேர்ந்துகொள்கிறது.

‘பிளம்போயன்ட்’ வேறு. பிரெஞ்சு மொழியில் ‘கொழுந்துவிட்டெரிகிற’ என்பது அதன் பொருள். பிரான்சில் 15ஆம் நூற்றாண்டில் ஓங்கிய கட்டடப் பாணியொன்றில், சாளரங்களின் கல்வேலைப்பாடு தீநாக்குகள்போல நெளிந்து எழுந்தமையால், பின்னாளில் அப்பாணிக்கு இப்பெயரை இட்டார்கள். ரூவான் நகரத்துச் செயின்ட் மக்ளூ தேவாலயம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டடக்கலையிலிருந்து இச்சொல் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு மனிதருக்கும் நடைக்கும் உடைக்கும் பரவியது. மடகஸ்காரைத் தாயகமாகக் கொண்டு, இலையே தெரியாதபடி செந்நிறமாகப் பூக்கும் செம்மயிற்கொன்றை மரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயருண்டு.

மனிதரைக் குறிக்கும்போது, தன்னம்பிக்கையும் துள்ளலும் நிறைந்து எல்லோர் கண்ணையும் இழுப்பவர் என்று பொருள். அதில் பாராட்டும் கலந்திருக்கும். சொல்பவரின் குரலைப் பொறுத்துச் சிறு கேலியும் இருக்கும். ‘ஒஸ்டென்டேஷஸ்’ ஆனவர் பார்வையாளர் இல்லாவிட்டால் ஓய்ந்துபோவார். ‘பிளம்போயன்ட்’ ஆனவர் தனியறையிலும் அப்படியே இருப்பார் என்றுதான் அச்சொல் நம்மை எண்ணவைக்கிறது. தில்லானாவின் முடிவில் அரங்கை அதிரவைக்கும் மிருதங்க வித்துவானின் கைவீச்சை இச்சொல்லால் தயங்காமல் வருணிக்கலாம். அவரை ‘ஷோயி’ என்றால் கோபித்துக்கொள்வார்.

கேள்வி: உப்புவெளியில் சிறு விருந்தினர் விடுதி நடத்துகிறேன். இணையத்தில் போடுவதற்காக, ‘எங்கள் அறைகள் ஒஸ்டென்டேஷஸ் ஆனவை, எங்கள் ஊழியர்கள் பொம்பஸ் ஆனவர்கள்’ என்று எழுதுவித்திருக்கிறேன். ஆடம்பரம், கம்பீரம் என்ற பொருளில்தான். சரிதானே?
(வாசகர், உப்புவெளி)

பதில்: தயவுசெய்து இன்றே அகற்றிவிடுங்கள். முதல் தொடரை வாசிக்கும் ஆங்கிலேயர், பணத்தைக் காட்டிப் பயமுறுத்தும் அறைகள் என்று எண்ணுவார். இரண்டாவது இன்னும் மோசம். ‘பொம்பஸ்’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல் ஊர்வலத்தைக் குறித்தது. ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் விழாக்கோலமான சிறப்பை அது குறித்ததுண்டு. இன்று ‘பொம்ப்’ என்ற பெயர்ச்சொல்லில் மட்டுமே அந்தச் சிறப்பு எஞ்சியிருக்கிறது. பெயரடையோ தன்னைப் பெரிய ஆளாக எண்ணி, மற்றவரைக் காக்கவைத்து, சாதாரணச் செய்தியையும் பிரகடனம்போல உரைப்பவரைக் குறிக்கிறது. தேநீர் கேட்ட விருந்தினருக்கு அப்படிப்பட்டவர் வந்து பரிமாறினால் உங்கள் விடுதிக்கு நல்ல பெயரா கிடைக்கும்?

ஆடம்பரத்தைப் பாராட்டாகச் சொல்ல ‘லக்சூரியஸ்’ என்பது போதும். அதுவும் குளிரூட்டியும் வெந்நீரும் நல்ல மெத்தையும் இருந்தால் மட்டும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் ஆறு அறைகள், முற்றத்தில் வேம்பு, காலையில் இடியப்பமும் சொதியும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியொரு இடத்துக்கு நான் பரிந்துரைப்பது ‘அன்பிரிடென்ஷஸ்’. முதற் கேள்வியில் பழிப்பாகப் பார்த்த சொல், எதிர்மறை முன்னொட்டைப் பெற்றதும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் தரக்கூடிய மிக உயர்ந்த பாராட்டுகளுள் ஒன்றாகிவிடுகிறது. பாசாங்கில்லாத, வந்தவரை இயல்பாக இருக்கவிடும் இடம் என்பது அதன் பொருள். ஊழியர்களுக்கு ‘அற்றென்டிவ்’ என்று எழுதுங்கள். கேட்குமுன்னே தேவையறிந்து கவனிப்பவர்கள் என்று பொருள்படும். ‘பிளாஷி’ என்ற சொல்லையும் எவரேனும் பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். விலையும் மினுக்கமும் மேலெழுந்து நிற்க, உள்ளே சாரமில்லை என்னும் ஐயத்தை அது எழுப்பும். கார்களுக்கும் கைபேசிகளுக்கும் அதை விட்டுவிடலாம்.

கேள்வி: ‘புளோண்ட்’, ‘பிளவுட்’: எது எப்போது?
(வாசகி, கிண்ணியா)

பதில்: முதலாவது, உள்ளதைப் பெருமையோடு ஊருக்குக் காட்டுதல். இரண்டாவது, சட்டத்தையோ விதியையோ அதை மதிக்காத துணிச்சலோடு மீறுதல். இரண்டும் எல்லோர் கண்முன்னும் நடப்பதால்தான் ஆங்கிலேயர்களும் இவற்றை மாற்றி எழுதிவிடுகிறார்கள். சட்டத்தைப் ‘புளோண்ட்’ செய்தார் என்று செய்தித்தாள்களிலேயே காணலாம், அது பிழை. புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் உட்துறைமுக வீதியில் பறக்கும் இளைஞர், மோட்டார் சைக்கிளைப் ‘புளோண்ட்’ செய்கிறார், வீதிச் சட்டத்தைப் ‘பிளவுட்’ செய்கிறார்.